எண்ணெய்க் குதத்துக்காரனின் சுருட்டு

போன மாதம் ஒரு பின்னேரம் துளசி வீட்டுக்கு வந்திருந்தாள். கப்பலில் வரும் பெற்றோலையும் டீசலையும் இறக்கித் தாங்கிகளில் சேர்த்து வைக்கும் ஓர் எண்ணெய்க் குதத்தில் நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது அங்கே பாதுகாப்பு அதிகாரி அவள்தான். பாலையூற்று ஊர்ப் பிள்ளை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மூன்று வருடமும் ஒரே கந்தோரில் இருந்தோம். அவளுக்குத் தேத்தண்ணி வந்தது. எனக்கு என்னுடைய நேரம் வந்தது. கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?" என்றாள். "இவ்வளவு காலமும் பெற்றோலுக்குள்ள நிண்டனீங்கள். நெருப்பைக் கண்டாலே உங்களுக்கு வெறுக்க வேணுமெல்லோ?"

"வெறுக்கேல்லைப் பிள்ளை. பின்னேரம் மட்டும் பொறுத்திருக்கப் பழகினனான், அவ்வளவுதான்."

"அதை எழுதித் தாங்கோவன். எங்கட ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுறன்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதைச் சொல்வதென்றால் நான் அவளுக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாசித்துக் காட்டுவதா, விடுவதா என்பதைத் துளசியே தீர்மானிக்கட்டும்.

நான் பத்துவது மலிவான சுருட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டாக வரும், பழைய பேப்பரில் சுற்றி. கோடா என்று ஓர் இனிப்புப் பாணியில் ஊறவைத்த புகையிலை. பற்றவைக்கும் முன்பே இனிப்பும் புளிப்புமாக ஒரு மணம் விரல்களில் ஏறிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று. சூரியன் உட்துறைமுகத்துக்கு அப்பால் மலைகளுக்குள் இறங்கும் நேரத்தில், அதுவும் வேலையின் கடைசி நினைவு தலையை விட்டுப் போன பிறகு. நல்ல சுருட்டை இழுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. விட்டுவிட்டு இழுத்தால் போதும். நடுவில் அது தன்பாட்டில் புகையும். நாமும் நம்பாட்டில் இருக்கலாம். லிங்கநகரில் எங்கள் முற்றத்திலிருந்து துறைமுகம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்தக் கீற்றில் தண்ணீர் முதலில் செம்பாகும், பிறகு ஈயமாகும், பிறகு ஒரு கப்பலின் விளக்கு மட்டும் மிச்சமிருக்கும். அந்த மூன்று நிறமும் மாறி முடிய ஒரு சுருட்டு போதும்.

இந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவர் றசாக் சேர். குதத்தின் பொறுப்பதிகாரி. கிண்ணியாக்காரர்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரிடம் பிடிபட்டேன். புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு கேற்றால் உள்ளே போனேன். சீமெந்துப் பாதையில் இருபது அடி நடந்திருப்பேன். கந்தோர் யன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். மெலிந்த ஆள், வெள்ளைப் பருத்திச் சேட்டு.

"தம்பி, திரும்பிக் கேற்றடிக்கு நடங்க."

நடந்தேன்.

"இப்ப இஞ்ச வாங்க."

வந்தேன்.

"என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கேல்லை, சேர்."

"இன்னொருக்கா நடங்க. நான் அவசரப்படேல்ல."

மூன்றாந்தரம் நடக்கும்போதுதான் எனக்குக் கேட்டது. செருப்பின் குதியில் ஆணி. சீமெந்தில் பட்டு டக், டக் என்றது. ஒரு பொறி போதும் என்று அவர் சொல்லவில்லை. நான் குனிந்து செருப்பைக் கழற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "றப்பர்ச் செருப்பு வாங்கும் வரைக்கும் புல்லு வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினார்.

அவருடைய முறை அதுதான். உத்தரவு போடமாட்டார், கேள்வி கேட்பார். பதில் நம்முடைய வாயிலிருந்து வரும்வரை நிற்பார்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புல் வெட்டினேன், காய்ந்த புல்தான் குதத்துக்கு முதல் எதிரி. தாங்கிகளுக்குப் பெயின்ற் அடித்தேன். பிறகு அளவெடுக்கக் கற்றுக்கொண்டேன். விடிய ஆறு மணிக்குத் தாங்கியைச் சுற்றி வளைந்து போகும் படியில் ஏற வேண்டும். மேலே மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவுநாடாவை மெல்ல இறக்க வேண்டும். குண்டில் ஒரு பசை பூசியிருப்போம். அடியில் தண்ணீர் நின்றால் பசை நிறம் மாறும். நாடாவில் எண்ணெய் நனைந்த கோட்டை வாசித்து, துடைத்து, மறுபடி இறக்கி வாசிக்க வேண்டும். இரண்டு வாசிப்பும் ஒத்து வந்தால்தான் எழுதலாம். கை அவசரப்பட்டால் கோடு கலங்கும். அந்த வேலைக்குப் பொறுமைதான் ஆயுதம்.

கேற்றடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது, புறாக்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகளோடு. நெருப்புப்பெட்டி, லைற்றர், சிகரெட், பின்னாளில் கைத்தொலைபேசி, எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். முதலாவது அறை றசாக் சேருடையது. தினமும் காலையில் தன்னுடைய நெருப்புப்பெட்டியையும் ஒரேயொரு சுருட்டையும் அதில் வைப்பார். பிறகு காவலாளிக்கு முன்னால் நின்று தன் பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டுவார். யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் செய்வதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் செய்தோம்.

வேலை முடிந்தால் கேற்றிலிருந்து அரை மைல் நடப்பார். றோட்டோரத்தில், கடலைப் பார்த்தபடி, ஒரு பழைய சீமெந்துக் கட்டு இருந்தது. அதில் உட்கார்ந்து அந்த ஒற்றைச் சுருட்டைப் பற்றவைப்பார். இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் நான் சிகரெட்டோடு அந்த வழியால் போனபோது கூப்பிட்டார்.

"குணம், ஏன் நடந்து நடந்து குடிக்கிறீங்க? இரிங்க."

அவர் நீட்டிய அந்த ஒற்றைச் சுருட்டை வாங்கிக்கொண்டேன். முதல் இழுப்பில் இருமினேன். சிரித்தார்.

"சிகரெட் ஓட்டத்தில குடிக்கிற சாமான். இது இருந்து குடிக்கிறது. நெஞ்சுக்க எடுக்காதீங்க. வாய்க்குள்ள வச்சிட்டு விடுங்க."

அதன் பிறகு எத்தனை பின்னேரங்கள் அந்தச் சீமெந்துக் கட்டில் கழிந்தன என்று எண்ணிப் பார்த்ததில்லை. நினைக்கும்போது எல்லாம் ஒரே பின்னேரமாகத்தான் தெரிகிறது. மீன்பிடி வள்ளம் ஒன்று இஞ்சினை நிறுத்தி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்க்கரைக் காட்டுக்கு மேலே கொக்குகள் திரும்பும். இரண்டு பேருடைய புகையும் கொஞ்சத் தூரம் தனித்தனியாகப் போய்ப் பிறகு ஒன்றாகும். அவர் பெரும்பாலும் கதைக்கமாட்டார். நானும் அப்படியே பழகிவிட்டேன். மனைவி பரமேஸ்வரி கேட்பாள், "ஒரு மணித்தியாலமா என்னத்தைக் கதைக்கிறனீங்கள்?" ஒன்றுமில்லை என்பேன். நம்பமாட்டாள்.

இனித்தான் நான் துளசிக்குச் சொல்லாத கதை.

அப்போது நான் இறங்குதுறை மேற்பார்வையாளனாகியிருந்தேன். கப்பல் வந்து கட்டியதும் குழாயைப் பொருத்துவது, சிவப்புக் கொடி ஏற்றுவது, எண்ணெய் இறங்கி முடியும்வரை அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒரு பெற்றோல் கப்பல் வந்து இரண்டாம் நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். பரமேஸ்வரியின் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். எனக்கென்று ஒரு கட்டுச் சுருட்டுக் கொண்டு வந்திருந்தார். கட்டைப் பிரித்ததும் குசினிவரை மணத்தது. பின்னேரத்துக்கு முன் பத்துவதில்லை என்ற என் கட்டுப்பாட்டை அன்றைக்கு மீறினேன். சோற்றுக்குப் பிறகு அவரோடு இருந்து பாதிச் சுருட்டுப் பத்தினேன். மீதிப் பாதியையும் நெருப்புப்பெட்டியையும் மேற்பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். பின்னேரம் சேருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு சுருட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தோடேயே சைக்கிளை மிதித்தேன். எடுத்து வைக்க மறந்தும் போனேன்.

கேற்றில் தியாகண்ணை நின்றார். என்னை விட வயதில் மூத்த காவலாளி. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது.

"குணம், ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அண்ணை."

கையை வீசி உள்ளே விட்டார். நான் பொய் சொல்லவில்லை. இல்லை என்றுதான் நம்பினேன். என் தலை முழுக்கப் பின்னேரமாக இருந்தது.

நாலு மணி இருக்கும். காற்று விழுந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கப்பலின் சிவப்பு வயிறு அதில் தலைகீழாகத் தெரிந்தது. குழாய்கள் பொருந்தும் இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். பொக்கற்றிலிருந்து ஏதோ வழுகி விழுந்தது. அடியில் வைத்திருந்த சொட்டுத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நெருப்புப்பெட்டி கிடந்தது. தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெற்றோல் நின்றது. பெட்டி பாதி திறந்து, குச்சிகளின் தலைகள் தெரிந்தன.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அந்த ஒரு கணம் முழுக்க எந்தச் சத்தமும் இருக்கவில்லை. பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. பிறகு இரண்டு விரலால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி நடந்து, கை கழுவ வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் அமுக்கினேன். பாதிச் சுருட்டைக் கடலில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. நனைந்த பெட்டியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது கப்பலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

சேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஐந்து மணிக்கு வோக்கி-டோக்கியில் அவர் குரல் வந்தது. "குணம், எப்படி?" அழுத்தம் எவ்வளவு என்று சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

ஆறரைக்கு அடுத்த குழுவினர் வந்தார்கள். அதில் ஒருவர் கை கழுவப் போய் வாளிக்குள் கிடந்ததைக் கண்டார்.

பத்து நிமிடத்தில் சேர் இறங்குதுறைக்கு வந்துவிட்டார். பம்பை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் சொட்டும் நெருப்புப்பெட்டியைத் தன் கைலேஞ்சித் துணியில் வைத்துப் பார்த்தார். எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார், பதினொரு பேர். முதலில் தன்னுடைய பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குணம், நீங்க எல்லாரையும் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று பொக்கற்றுகளைத் தடவிப் பார்த்தேன். கையை உயர்த்தி நின்ற ஒருவருடைய நெஞ்சு என் விரல்களுக்குக் கீழே படபடவென்று அடித்தது. அவர் ஒன்றும் செய்யாதவர். பயம். அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் எண்ணெய் இறக்கம் நின்றது. கேற்றுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். தியாகண்ணையைக் கூப்பிட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு யார் யாரைச் சோதிக்காமல் விட்டாய் என்று கேட்டபோது, அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இண்டைக்கு ஒருத்தரையும் வடிவாப் பாக்கேல்லை, சேர். பிழை என்ரதான்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சேரின் கந்தோருக்குப் போனேன். மேசையில் தியாகண்ணையை வேலையிலிருந்து இடைநிறுத்தும் கடிதம் தட்டச்சு செய்து கிடந்தது. சேர் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்திருந்தார்.

"சேர், அது என்ர பெட்டி."

"எந்தப் பெட்டி?"

"வாளிக்குள்ள கிடந்தது."

பேனையை மூடினார். "இரிங்க" என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தினை மணிக்கு விழுந்தது?"

"நாலு மணி, சேர். அஞ்சு, பத்து நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும்."

"எவடத்தில?"

சொன்னேன்.

"அஞ்சு மணிக்கு என்னோட கதைச்சீங்க."

"ஓம் சேர்."

"அதுக்குப் பிறகு ஆக்களிட பொக்கற் பாத்தீங்க."

"ஓம் சேர்."

"தியாகு தன்ர பிழை எண்டு சொல்லும்போது பக்கத்தில நிண்டீங்க."

தலையை ஆட்டினேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் கோபம் இல்லை. நித்திரையில்லாத ஆளுடைய முகம் மாதிரி இருந்தது. கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

"பெட்டி விழுந்தது பிழைதான். ஆனா அது ஆருக்கும் வரக்கூடியது. அதைப்பற்றி ஒரு வரி எழுதுவன். மிச்சப் பதினாறு மணித்தியாலத்துக்கு ரெண்டு பக்கம் எழுத வேணும். நீங்க போகலாம்."

எழுதினார். ஒன்றையும் குறைத்து எழுதவில்லை. தியாகண்ணைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போனது. என்னுடைய மேற்பார்வையாளர் பதவியை எடுத்து, திரும்பத் தாங்கி அளக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். இருபது வயதில் ஏறிய படிகளில் நாற்பது கடந்து ஏறினேன். எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கூச்சம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் தாங்கிக்கு மேல் நிற்பது எனக்கு மறந்தே போயிருந்தது. துறைமுகத்தின் ஒவ்வொரு குடாவிலும் பனி துண்டு துண்டாக நிற்கும். ஓர்ஸ் ஹில் பக்கம் வீடுகளின் கூரைகள் மட்டும் பனிக்கு மேலே மிதக்கும். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் தண்ணீருக்கு மேலால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாடாவை இறக்கி, கோட்டை வாசித்து, துடைத்து, மறுபடி இறக்குவேன். இரண்டு வாசிப்பும் ஒத்து வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் நிமிரும்.

பின்னேரங்கள்தான் சகிக்கவில்லை. அந்தச் சீமெந்துக் கட்டுப் பக்கம் போக முகமில்லை. குறுக்கு வழியால் வீட்டுக்கு வந்து, குசினிக்குப் பின்னால் நின்றபடி பத்துவேன். வாய்க்குள் வெறும் புகைதான் இருந்தது. மச்சான் தந்த சுருட்டுக் கட்டை அதற்குப் பிறகு தொடவில்லை. கடையில் வாங்கியதைத்தான் பத்தினேன்.

பரமேஸ்வரி ஒரு நாள் கிட்ட வந்தாள். "இஞ்சாருங்கோ, முந்தி, பிந்தி வாறீங்கள் எண்டு ஏசினனான். இப்ப வெள்ளன வாறது எனக்குப் பயமாக் கிடக்கு."

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். தியாகண்ணை வீட்டுக்கு அடுத்த நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். தியாகண்ணை விடவில்லை.

"அதை விடும், குணம். நான்தானே உம்மைப் பாக்காமல் விட்டது" என்றார். பிறகு, "நான் உம்மட்டை வேற ஒண்டு கேக்க இருந்தனான். சேர் இப்ப கொஞ்ச நாளா கிண்ணியா பஸ்ஸை விடுறார். பஸ் வந்து நிக்குது, ஏறாமல் இருக்கிறார். றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஆரைப் பாக்கிறார்?"

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் மச்சான் தந்த சுருட்டுக் கட்டைக் காலையில் கேற்றடியில் கொடுத்து வைத்து, பின்னேரம் எடுத்துக்கொண்டு போனேன். அரை மைல் அன்றைக்கு மூன்று மைலாக இருந்தது. சேர் சீமெந்துக் கட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். இருந்தேன். சுருட்டுக் கட்டைப் பிரித்து ஒன்றை நீட்டினேன். மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"அண்டைக்கு வந்த சாமானா இது?"

"ஓம் சேர். உங்களுக்கெண்டு கொண்டு வர நினைச்சனான்."

"நல்ல கோடா" என்றார்.

பற்றவைத்தோம். செம்பு நிறம் போய்த் தண்ணீர் ஈயமாகும் நேரத்தில் பஸ் ஒன்று வந்து நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "சேர், வாறீங்களா?" என்று கேட்டார். சேர் கையை அசைத்துப் போகச் சொன்னார். எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அது பழைய வகை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு என் பதவி திரும்பக் கிடைத்தது. அதற்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரும் அவர்தான் என்று அவர் ஓய்வு பெற்ற பிறகு கந்தோரில் சொன்னார்கள்.

இப்போது அவருக்கு எண்பதாகிறது. நெஞ்சில் சத்திர சிகிச்சை செய்த பிறகு வைத்தியர் சுருட்டை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போகிறேன். வீட்டுக்குப் பின்னால், கடலேரியைப் பார்த்தபடி இரண்டு கதிரை போட்டிருப்பார்கள். அவருக்கு முன்னால் பத்தக் கூடாது என்று முதல் தடவை நான் சுருட்டை எடுக்காமலே இருந்தேன்.

"ஏன் குணம், விட்டிட்டீங்களா?"

"இல்லை சேர். உங்களுக்கு முன்னால எப்பிடி..."

"வைத்தியர் எனக்குத்தானே சொன்னது. உங்களுக்குச் சொல்லேல்லையே. பத்துங்க."

பற்றவைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கடலேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வடக்கிலிருந்து மெல்ல வந்தது. என் புகை அவருக்கு எதிர்ப்பக்கமாகப் போய்த் தென்னைகளுக்குள் கலைந்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மகள் குசினிக்குள் இருந்தாள்.

"குணம்," என்றார் மெல்ல, "கதிரையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து இரிங்க."

எழும்பினேன். கதிரையை அவருக்கு வடக்கே போட்டு இருந்தேன். புகை அவர் பக்கமாகப் போனது. சேர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.